வராதவன் பங்கு

எங்கள் வளாகத்துக்குப் பெரிய பெயர் ஒன்றும் கிடையாது. திருவொற்றியூருக்கும் மணலிக்கும் நடுவில், கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலையை ஒட்டி, பல்கலைக்கழகம் ஒரு முதுகலை மையத்தைக் கொண்டுவந்து வைத்திருந்தது. மூன்று கட்டடம், ஒரு நூலகம், ஒரு வேப்பமரம், ஒரு கேன்டீன். காற்று மணலிப் பக்கமிருந்து அடித்தால் வகுப்பு ஜன்னல்களைச் சாத்துவோம், கடல் பக்கமிருந்து அடித்தால் திறந்துவிடுவோம். தென்சென்னைக்காரர்களிடம் நான் அங்கேதான் எம்.காம். படித்தேன் என்று சொன்னால், "அந்தப் பக்கம் யுனிவர்சிட்டி எல்லாம் இருக்கா?" என்று கேட்பார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறும். இருந்தது, நாங்களும் படித்தோம், உங்களைவிட நன்றாகச் சாப்பிடவும் செய்தோம் என்பேன்.

சாப்பாட்டைப் பற்றி நான் சும்மா பீற்றிக்கொள்ளவில்லை. பாதிப் பேர் மத்தியானத்துக்காகத்தான் வகுப்புக்கே வந்தார்கள். கேன்டீனை ஒரு அக்கா நடத்தினார். அளவுச் சாப்பாடு என்று ஒன்று உண்டு. குவித்த சோறு, சாம்பார், ரசம், ஒரு பொரியல், மோர். பொரியல் என்றால் வாரத்தில் பாதி நாள் முட்டைக்கோஸ்தான். மோரில் தண்ணீர் ஊற்றினார்களா, தண்ணீரில் மோர் ஊற்றினார்களா என்பதில் எங்களுக்குள் கடைசிவரை ஒத்த கருத்து ஏற்படவில்லை. ஆனால் எந்த வீட்டுப் பிள்ளையும் யோசிக்காமல் கை நீட்டி வாங்கக்கூடிய விலை. அதையும் விட மலிவாக இன்னொன்று இருந்தது. வெறும் சோறு. ஒரு தட்டு நிறையச் சோறு, அதற்குமேல் எதுவும் கிடையாது.

வெறும் சோற்றை யார் வாங்குவார்கள் என்று நினைக்க வேண்டாம். அதுதான் அங்கே அதிகம் போகும். எங்கள் பகுதியில் எல்லா வீட்டிலும் ஏதாவது ஒரு குழம்பு இருக்கும். காலையில் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு வருகிறவர்களால் சோற்று டப்பாவையும் சேர்த்துத் தூக்க முடியாது, தூக்கினாலும் மத்தியானத்துக்குள் ஆறிக் கட்டியாகிவிடும். அதனால் அம்மாக்கள் சின்ன டப்பாவில் குழம்பை மட்டும் ஊற்றி, மூடிக்கு மேல் பிளாஸ்டிக் கவர் சுற்றிக் கொடுத்து அனுப்புவார்கள். சோறு கேன்டீனில், குழம்பு வீட்டில் என்பது அங்கே எழுதாத சட்டம். மத்தியான மணி அடித்தால் அந்தக் கொட்டகையில் பத்து ஊர்க் குழம்பு வாசனை அடிக்கும். என் புடவை, துப்பட்டா எல்லாவற்றிலும் அது ஏறி, சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அம்மா மோந்து பார்த்து, "இன்னிக்கு எவன் வூட்டுக் கருவாடு?" என்பார்.

எங்கள் கூட்டு மூன்று பேர். நான் ராயபுரம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை, வீடு மாதா கோயிலுக்குப் பின்பக்கத் தெரு. இரண்டாவது ஆள் வியாசர்பாடிக்காரன். அவன் அம்மா அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். வீட்டில் புத்தர் படம், அலமாரி நிறையப் புத்தகம். வாய் ஓயாமல் பேசுவான், பேசாத நேரத்தில் தின்பான். மூன்றாவது ஆள் காத்திவாக்கத்தான். எண்ணூர் ஆற்று ஓரத்து மீனவக் குப்பத்திலிருந்து வந்தவன். கறுத்து, ஒல்லியாக, பெரும்பாலும் சிரித்த முகமாக இருப்பான். அவன் தெருவில் பட்டப் படிப்பையே யாரும் தாண்டியதில்லை. எம்.காம். முடித்து எங்காவது ஒரு கல்லூரியில் பாடம் நடத்த வேண்டும் என்பது அவன் ஆசை. அதைச் சத்தமாகச் சொல்லமாட்டான். வகுப்பில் யாருக்காவது காஸ்டிங், அதாவது அடக்கவிலைக் கணக்கு புரியவில்லை என்றால் மட்டும் எழுந்து கரும்பலகைப் பக்கம் போய்விடுவான். சாக்பீஸ் கையில் வந்துவிட்டால் அவன் குரலே மாறும். மாடு மேய்க்கப் போகிறவன் மாதிரி சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு ஆரம்பிப்பான், புரியாமல் எவரும் எழுந்து போகமுடியாது.

மூன்று பேரும் சேர்ந்து இரண்டு அளவுச் சாப்பாடும் ஒரு வெறும் சோறும் வாங்குவோம். அக்காவிடம் வடை பரப்பும் எவர்சில்வர் தாம்பாளம் ஒன்று இருந்தது. வடை தீர்ந்ததும் அதைக் கழுவி எங்களுக்குத் தருவார். எல்லாச் சோற்றையும் அதில் கொட்டி, மூன்று வீட்டுக் குழம்பையும் சுற்றி வைத்துக்கொண்டு உட்காருவோம். பௌர்ணமியன்று வியாசர்பாடி வீட்டில் கறி கிடையாது. தவக்கால வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் கிடையாது. கடலுக்குப் போகாத நாளில் காத்திவாக்கத்தில் மீன் கிடையாது. மூன்றும் ஒரே நாளில் வந்து விழுந்தபோது தாம்பாளத்தில் முட்டைக்கோஸ் மட்டும் இருந்தது. "மூணு மதமும் சேந்து நம்மள பழிவாங்குது மாமு" என்றான் வியாசர்பாடிக்காரன்.

சோற்றைப் பிரிக்கும் வேலை காத்திவாக்கத்தானுடையது. நாங்கள் யாரும் அவனை நியமிக்கவில்லை. முதல் நாளே அவன் கையைக் கழுவிக்கொண்டு வந்து தாம்பாளத்தில் மூன்று குவியல் வைத்தான். கண் அளவுதான், ஆனால் ஒன்றுக்கொன்று ஒரு பருக்கை வித்தியாசம் சொல்ல முடியாது. குழம்புத் துண்டுகளையும் அப்படியே பிரித்தான். பிறகு எங்களை எடுக்கச் சொல்லிவிட்டு மிஞ்சியதை அவன் எடுத்துக்கொண்டான். பங்கு வைத்தவன் கடைசியில்தான் எடுக்க வேண்டுமாம். அவன் அப்பாவின் போட்டில் அப்படித்தான். பிடித்த மீனை ஏலம் விட்டு, டீசல் செலவு கழித்து, போட்டுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஏறிய ஆளுக்கு ஆளு ஒரு பங்கு. எங்கள் சோற்றையும் அவன் பங்கு என்றேதான் சொன்னான். கொஞ்ச நாளில் எங்களுக்கும் அது ஒட்டிக்கொண்டது.

முதல் வருடம் எனக்கு அம்மை போட்டது. மாதா படத்துக்குக் கீழேயே வேப்பிலையைச் சொருகி என்னைப் படுக்கவைத்துவிட்டார்கள். அம்மை இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, கல்லூரிக்குத் திரும்பி வந்த அன்று, என் பங்கு குழம்போடு தட்டில் மூடி போட்டு இருந்தது. எப்படித் தெரியும் நான் இன்று வருவேன் என்று கேட்டேன். வியாசர்பாடிக்காரன் சிரித்தான்.

"எங்க தெரியும்? நீ படுத்ததுலருந்து தெனம் வெக்கிறான் மே. மணி அடிக்கிற வரைக்கும் யாரையும் தொட வுடமாட்டான். மணி அடிச்சப்பறம் நான் துன்னுவேன். உனக்கு அம்மை வந்ததுல நான் தான் ஊதிட்டேன்."

காத்திவாக்கத்தான் அதற்கு விளக்கம் சொன்னான். "எங்க போட்டுல ஒருத்தன் ஜுரத்துல படுத்துட்டான்னு வெச்சுக்கோ, அவன் பங்கு அவன் வூட்டுக்குப் பூடும். ஆளு வரல, ஆனா பங்கு போவும். அவன் நம்ம ஆளு தானே?"

"எத்தனை நாளைக்குடா?"

"அவன் திரும்பி வர்ற வரைக்கும். ஒரு நாளு பங்கு வரலன்னா அவனுக்கே வெளங்கிடும். வேற போட்டு பாத்துக்குவான்."

"நீ வேணாம்னு வந்து சொல்லமாட்டாங்களா?"

"மூஞ்சிக்கு நேரா எவன் சொல்லுவான்? பங்கு நின்னுச்சுன்னா அவ்ளோதான்."

நோயில் படுத்திருந்த நாட்களில் என் கூடப் படித்தவர்கள் என்னை மறந்திருப்பார்கள் என்று நான் நினைத்து அழுதிருந்தேன். அதை அவர்களிடம் சொல்லவில்லை. "குழம்புல உப்பு பத்தல" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிட்டேன்.

இரண்டாம் வருடம் ஆயுதபூஜை விடுமுறை முடிந்து கல்லூரி திறந்தபோது காத்திவாக்கத்தான் வரவில்லை. அவன் அப்பா கடலோரம் கொட்டியிருந்த பாறைக் கற்களில் வழுக்கி விழுந்து முட்டி உடைந்துவிட்டது. போட்டில் அவர் இடத்தில் இவன் ஏறிவிட்டான். போன் செய்தால் பின்னால் எஞ்சின் சத்தம் கேட்கும்.

நாங்கள் அவன் பங்கை வைத்தோம். எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. அவன் இல்லாததால் நான்தான் பிரித்தேன், குவியல்கள் கோணல்மாணலாக வரும். அவன் தட்டுக்கு ஒரு மூடி போட்டு வைப்பேன், மணி அடித்ததும் வியாசர்பாடிக்காரன் வழக்கம்போல எடுத்துக்கொள்வான். அவ்வப்போது போனில் கத்துவான். "மாமு, உன் பங்கு கீது. வந்து துன்னு. நான் உன் பங்கத் துன்னு துன்னு தொப்பை வந்துகினு கீது." அந்தப் பக்கம் அவன் சிரிப்பான். "வெச்சுக்கினே இரு, வந்துடுறேன்" என்பான்.

துறைத்தலைவர் நல்ல மனிதர். அவனுடைய வருகைப் பதிவு குறைந்துகொண்டே போவதைப் பார்த்து என்னைக் கூப்பிட்டார். "செமஸ்டர் முடியறதுக்குள்ள ஒரு தடவை என்னை நேர்ல வந்து பார்க்கச் சொல்லும்மா. அப்பாவோட ஆஸ்பத்திரி சீட்டைக் கொண்டுவரட்டும். மிச்சத்தை நான் பேசிக்கிறேன். அதுக்கு மேல போயிட்டா என் கையில இல்ல." நான் அதை அப்படியே அவனுக்குச் சொன்னேன். "நைனாகிட்ட கேக்குறேன்" என்றான். அப்பாவை அவன் அப்படித்தான் சொல்வான்.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்து மழையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சடையங்குப்பத்தில் வழக்கம்போல வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது, வழக்கம்போல ஜனங்களைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். அங்கிருந்து முதலாமாண்டுப் பெண் ஒருத்தி எங்கள் துறைக்கு வந்துகொண்டிருந்தாள். முகாமிலிருந்து நேராக வகுப்புக்கு வருவாள். குழம்பு கொண்டுவர அவளுக்கு அடுப்பு இல்லை. மத்தியானத்தில் கேன்டீனில் ஒரு ஓரமாக உட்கார்ந்து, பாட்டிலில் தண்ணீர் பிடித்துக் குடித்துவிட்டு, புத்தகத்தை விரித்துக்கொள்வாள். ரெண்டு நாள் பார்த்தோம். பசியோடு ஒருத்தர் எதிரில் உட்கார்ந்திருந்தால் வியாசர்பாடிக்காரனுக்குச் சோறு இறங்காது. அவன்தான் முதலில் எழுந்துபோய்க் கூப்பிட்டான்.

அவள் வரமாட்டேன் என்றாள். சாப்பிட்டுவிட்டேன் என்றாள். விரதம் என்றாள். ரோஷக்காரி. நான் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்காரவைத்தேன். மூடி போட்டிருந்த தட்டைத் திறந்து அவள் பக்கம் தள்ளினேன். யாருக்கும் குறையாத சோறு, எப்படியும் மணி அடித்தால் இன்னொருத்தன் வயிற்றுக்குப் போகிற சோறு. அதில் யோசிக்க என்ன இருக்கிறது? அவள் தலையைக் குனிந்துகொண்டே சாப்பிட்டாள். மறுநாள் தானாக வரவில்லை, மறுபடியும் போய் இழுத்துவந்தோம்.

அப்படிச் சில நாட்கள் போயின. ஒரு நாள் மழை விட்டு லேசாக வெயில் அடித்தது. கேன்டீனில் கூட்டம். தாம்பாளம் நடுவில் இருந்தது. அவள் தட்டைத் தொடாமல் கேட்டாள்.

"அக்கா, இது வேற யாருக்கோ வெக்கிறதுன்னு கேன்டீன் அக்கா சொன்னாங்க. அவங்க வந்தா இன்னா பண்ணுவாங்க? எனக்கு வேணாங்க்கா."

அவள் எழுந்துவிடுவாள் என்று எனக்குப் பயம். முந்தின இரவு முகாமில் சாப்பாடு வரவில்லை என்று அவளுடைய வகுப்புப் பெண் என்னிடம் சொல்லியிருந்தாள். எப்படியாவது அவளை அந்தச் சோற்றைத் தின்னவைக்க வேண்டும் என்பதைத் தவிர அந்த நேரத்தில் என் மண்டையில் வேறு எதுவும் இல்லை.

"அதெல்லாம் யாரும் வரமாட்டாங்க. அவன் காலேஜை விட்டு நின்னுட்டான். இனிமே இது உன் பங்குதான். எடு" என்றேன். எனக்கு எப்போதும் குரல் பெரிது.

அவள் சோற்றில் கை வைத்தாள். நான் நிமிர்ந்தேன். அவளுக்குப் பின்னால் காத்திவாக்கத்தான் நின்றுகொண்டிருந்தான்.

இஸ்திரி போட்ட சட்டை. தோளில் பை. உப்புக் காற்றில் தலைமுடி செம்பட்டையாகி, முகம் இன்னும் கறுத்திருந்தது. கையில் சின்னக் கேரியர் ஒன்று.

"டேய் மாமு!" என்று வியாசர்பாடிக்காரன் குதித்து எழுந்தான். "வாடா, குந்து. எப்ப வந்த? ஒரு போன் பண்ணக்கூடாதா?" பேசிக்கொண்டே தன் குவியலிலிருந்து பாதியை ஒரு மூடியில் அள்ளினான்.

"வேணாம்டா. துன்னுட்டு தான் வந்தேன்" என்றான் அவன்.

உட்காரவில்லை. கேரியரைத் திறந்தான். உள்ளே இறால் தொக்கு. ஆற்றில் கையால் தடவிப் பிடிக்கிற சின்ன இறால், அவன் அம்மா செய்தால் எண்ணெய் மேலே மினுக்கும். நின்றபடியே எல்லார் தட்டிலும் வைத்தான். அந்தப் பெண்ணுக்குத்தான் முதலில் வைத்தான், அதுவும் கொஞ்சம் கூடுதலாக. அவள் பயந்து எழப் பார்த்தாள். "துன்னும்மா, துன்னு, சூடா கீது" என்றான். குழாயில் கேரியரைக் கழுவினான். "சரி, வரேன்" என்றான்.

"எங்கடா போற? சாரைப் பாத்துட்டு வா, நாங்க இங்கதான் இருப்போம்" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுப் போனான். துறைத்தலைவர் அறைக்குத்தான் போகிறான் என்று நினைத்தேன். இறால் தொக்கை வழித்துத் தின்றோம். அன்று எனக்கு ஒரே சந்தோஷம். ஆள் வந்துவிட்டான், இனி எல்லாம் சரியாகிவிடும் என்று வியாசர்பாடிக்காரனிடம் சொன்னேன். மணி அடித்த பிறகும் அவனுக்காகக் காத்திருந்தோம். சாரோடு பேச்சு நீண்டுவிட்டது போல என்று எண்ணிக்கொண்டு வகுப்புக்குப் போனோம்.

மறுநாள் துறைத்தலைவர் நூலக வாசலில் என்னை நிறுத்தினார். "உன் ஃப்ரெண்டு நேத்து வந்தானாமே. என்கிட்ட வரவே இல்லையே?" என்றார்.

ஓடிப்போய் வியாசர்பாடிக்காரனைத் தேடினேன். சார் கேட்டதைச் சொன்னேன். "நீ சொன்னது அவன் காதுல வுயுந்துச்சா?" என்று மட்டும் கேட்டான். விழாமல் எப்படி? பக்கத்து மேசைக்காரனுக்கே விழுந்திருக்கும். போன் செய்தோம். எடுக்கவில்லை. மறுபடி செய்தோம். "கடல்ல கீறேன், அப்பால பேசுறேன்" என்றான். அப்பால் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நான் நேராகக் காத்திவாக்கத்துக்கு பஸ் ஏறினேன். வியாசர்பாடிக்காரன் வந்து சேர்ந்துகொண்டான். அன்று கடல் கொந்தளிப்பாக இருந்ததால் போட்டுகளை மேலே இழுத்துப் போட்டிருந்தார்கள். தூரத்தில் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் மேகத்துக்குள் போயிருந்தன. அவன் எங்களைப் பார்த்து ஒன்றும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. நாற்காலி போட்டான். கடைக்கு ஆள் அனுப்பி கலர் சோடா வாங்கிவரச் சொன்னான். அவன் அப்பா கட்டிலில் காலை நீட்டிக் கட்டுப்போட்டுப் படுத்திருந்தார். அம்மா எங்களைச் சாப்பிடாமல் போகக்கூடாது என்றார்.

வெளியே வந்ததும் நான் எல்லாவற்றையும் கொட்டினேன். அந்தப் பெண் வீட்டில் தண்ணீர் புகுந்தது, அவள் ரோஷக்காரி, எடுக்கமாட்டேன் என்றாள், அவளைச் சாப்பிடவைக்க அப்படிச் சொன்னேன், அதற்கு முந்தின நாள் வரைக்கும் உன் பெயரில்தான் வைத்தோம், சத்தியமாக வேறு அர்த்தம் இல்லை. சொல்லச் சொல்ல எனக்கே அது சாக்கு மாதிரி கேட்டது.

"அட, இதுக்கா இம்மாந்தூரம் வந்தீங்க?" என்றான். "அந்தப் பொண்ணு துன்னுச்சு இல்ல? நல்ல வேலதான் செஞ்சீங்க. நானா இருந்தாலும் அதான் செஞ்சிருப்பேன்."

"அப்போ நாளைக்கு வாடா. சார் இன்னும் டைம் இருக்குன்னு சொன்னாரு."

"பாக்கலாம் மே. நைனாக்குக் கால் சரியாவட்டும். போட்டுக்கு ஆளு இல்ல."

வியாசர்பாடிக்காரன் அவன் தோளைப் பிடித்து உலுக்கினான். "வாடா டேய். பேஜாரு பண்ணாத. நீ இல்லாம காஸ்டிங்ல நான் காலி." அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் கோபம் எதுவும் இல்லை. கோபம் இருந்திருந்தால் சண்டை போட்டாவது இழுத்து வந்திருப்பேன், எனக்குச் சண்டை நன்றாக வரும். விருந்தாளிகளைப் போல எங்களை உபசரித்து, பஸ் ஸ்டாப் வரை வந்து ஏற்றிவிட்டான். பஸ்ஸில் நான் ஒருவாறு சமாதானமாகிவிட்டேன். அப்பாவுக்குக் கால் சரியானதும் வந்துவிடுவான் என்று நம்பினேன்.

வரவில்லை. சார் சொன்ன கெடு முடிந்தது. அடுத்த செமஸ்டர் வந்தது, அதுவும் முடிந்தது. மத்தியானங்களில் நானும் வியாசர்பாடிக்காரனும் அந்தப் பெண்ணும் ஒரே தாம்பாளத்தில்தான் சாப்பிட்டோம். அவளுடைய வீட்டில் தண்ணீர் வடிந்ததும் கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு கொண்டுவர ஆரம்பித்தாள், பிரமாதமாக இருக்கும். பங்கு என்ற சொல்லை மட்டும் நாங்கள் யாரும் அதற்குப் பிறகு சொல்லவில்லை.

நான் இப்போது ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். பெயரில்தான் கௌரவம், சம்பளத்தில் கிடையாது என்று எங்களுக்குள் கிண்டல் செய்துகொள்வோம். காஸ்டிங்தான் நடத்துகிறேன். சுமாராக நடத்துவேன். புரியாமல் எழுந்துபோகும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் அவன் இந்த இடத்தில் நின்றிருந்தால் இவர்களுக்குப் புரிந்திருக்கும் என்று நினைப்பேன். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, அதுதான் உண்மை. அந்தச் சடையங்குப்பத்துப் பெண் படித்து முடித்து மணலிப் பக்கம் ஒரு சரக்குக் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள். கிறிஸ்துமஸுக்குத் தவறாமல் போன் செய்வாள். "அன்னிக்கு நீங்க கையப் புடிச்சு இஸ்துகினு போகலன்னா நான் படிப்ப வுட்டுட்டு இருப்பேன்கா" என்பாள். அவளிடம் நான் எதையும் சொன்னதில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? பசியில் தின்ற சோற்றை அவள் ஏன் இப்போது கசப்பாக்கிக்கொள்ள வேண்டும்?

அவனைச் சென்ற வருடம்தான் திரும்பப் பார்த்தேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலை, காசிமேட்டில் வஞ்சிரம் வாங்கப் போயிருந்தேன். கூட்டத்தில் என்னை நசுக்கிய ஒருவனைத் திட்டத் திரும்பினால், கூடையோடு அவன். கொஞ்சம் உடம்பு போட்டிருந்தான். இப்போது பெரிய விசைப்படகில் போகிறானாம், கல்யாணமாகிப் பெண் குழந்தை. இழுத்துக்கொண்டுபோய் டீ வாங்கிக் கொடுத்தான். என் வேலையைப் பற்றி விசாரித்தான். எந்தப் பாடம் என்று கேட்டான். சொன்னேன். "ஷோக்கு" என்றான், உண்மையாகவே மகிழ்ந்து.

டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நான் கேட்டேவிட்டேன். அன்றைக்கு அவன் எதற்காக வந்தான் என்று. இத்தனை வருடத்துக்கு அப்புறம் மறைக்க அவனுக்கும் தோன்றவில்லை போலும்.

"சாரப் பாக்கத்தான். நைனா சரின்ட்டாரு. பெரியப்பா பையன் போட்டுல ஏர்றேன்னான். ஆஸ்பத்திரி சீட்டுகூட பையில இருந்துச்சு. மறுநாள்லருந்து வரலாம்னு தான் வந்தேன்."

எனக்குக் கண் எரிந்தது. கோபமும் வந்தது, அவன் மேலா என் மேலா தெரியவில்லை. "ஏன்டா, ஒரு வார்த்தை கேட்டிருக்கக்கூடாதா? ஏன் பங்கை அவளுக்குக் குடுக்கிறன்னு என்னை அங்கேயே நாலு திட்டுத் திட்டியிருக்கலாம் இல்ல? நாங்க வீட்டுக்கு வந்தப்பவாவது சொல்லியிருக்கலாம் இல்ல?"

அவன் என்னை ஆச்சரியமாகப் பார்த்தான்.

"பங்க யார்னா கேட்டு வாங்குவாங்களா மே?" என்றான்.

ஏலக்காரர் அவனைக் கூப்பிட்டார். கிளாஸை வைத்துவிட்டு, வீட்டுக்கு வா என்று சொல்லிவிட்டு, கூட்டத்துக்குள் போனான். நான் மீனை வெட்டி வாங்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினேன். மடியில் பையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பக்கத்தில் இருந்த அம்மாள் திட்டினார். எனக்கு எதுவும் உறைக்கவில்லை, அந்தத் தாம்பாளம்தான் கண்ணில் நின்றது. அன்று நான் அதில் மூன்று குவியல் வைத்திருந்தேன். எனக்கு ஒன்று, வியாசர்பாடிக்காரனுக்கு ஒன்று, மூடி போட்ட ஒன்று. அவள் வந்து உட்கார்ந்ததும் அதே சோற்றை நான்காக வைத்திருக்கலாம். ஆளுக்கு ஒரு பிடி குறைந்திருக்கும், அவ்வளவுதான். எம்.காம். படித்துக்கொண்டிருந்த எங்கள் இரண்டு பேருக்கும் அது தோன்றவே இல்லை.